புதுப்பிப்பு: மரப்பெட்டி ரிவால்வரின் கதை தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன், ஹூஸ்டனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, காலமான கணவரின் அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துக் காட்டினார், உள்ளே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரும் ஒரு கத்தியும், எண் டிஆர் என்று தொடங்குகிறது, இது என்ன என்று. சரி, விடை கிடைத்துவிட்டது.

துப்பாக்கிக் கடைக்காரர் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குண்டு போடும் சுழலுருளையான சிலிண்டரை வெளியே தள்ளினார். அதுவரை மறைந்திருந்த இடத்தில் 19-3 என்று பொடியாகக் குத்தியிருந்தது. அதாவது .357 மேக்னம் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் மாடல் 19. டிஆர் என்றால் டெக்சஸ் ரேஞ்சர், அதாவது டெக்சஸ் மாநிலத்தின் பழைய காவல் படை. 1823-இல், டெக்சஸில் அமெரிக்கர்களைக் குடியேற்றிய ஸ்டீபன் ஆஸ்டின், குடியேறிகளின் காவலுக்குப் பத்துப் பேரை அமர்த்த முனைந்ததிலிருந்து கணக்கு வைத்து, 150-ஆம் ஆண்டான 1973-க்காக வந்த நினைவுப் பதிப்பு இது.

சிலிண்டரைச் சுற்றி, அது சுழலச் சுழல விழும் உரசல் கோடே இல்லை, சுட்ட மாதிரி தெரியவில்லை. யாரும் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடக் கூடாது என்று பாட்டியிடம் கெஞ்சிவிட்டு வந்தேன், அந்த நீலப் பூச்சு போனால் போனதுதான். அப்புறம், தொழிற்சாலையிலிருந்து எப்போது, யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறோம்.