பாறை ஓவியப் படத்தோடு இடக்குறியையும் போடலாமா?

தென்பெண்ணை:
பர்கூர் பக்கம் ஒரு பாறைப் புடவில், அதாவது குகை மாதிரி ஒதுங்கின பாறையடியில், வெள்ளை ஓவியம், குதிரை மேல் ஒருவன் ஆயுதத்தோடு வருகிறான். போன வாரம் அந்தப் படத்தை இந்தக் குழுவில் மேப் இடக்குறியோடு போட்டேன். இடக்குறியை எடுக்கச் சொல்லி ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், எடுக்க மாட்டேன். கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. ஒரு குன்றில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியாவிட்டால் குத்தகை எடுத்தவனுக்கு அது வெறும் கல், அப்படி உடைந்துபோன பழங்கால ஈமச்சின்னங்கள், கல்திட்டைகளும் கல்வட்டங்களும், நம் மாவட்டத்தில் கொஞ்சமில்லை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையைப் பாருங்கள், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இனி அங்கே ஒருவன் பொக்லைனை ஏற்றினால் ஊரே கேட்கும். தெரிந்த இடம்தான் தப்பிக்கும்.

கல்பதுக்கை:
அண்ணா, மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை வந்து தோண்டி, காலம் கணித்து, அதற்கப்புறம்தான் பேர் பரவியது. உங்கள் புடவுக்கு முதலில் வருகிறவன் ரீல்ஸ் எடுக்க வருவான், அடுத்தவன் கடப்பாரையோடு வருவான். ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்று சொல்கிற கல்திட்டைகளில் குனிந்து பாருங்கள், துளை போட்ட கல்லான இடுதுளைப் பலகையைச் சாய்த்துவிட்டு அடியில் குழி பறித்திருப்பார்கள். ஈமச்சின்னத்தில் என்ன புதையல் கிடைக்கும், பானை ஓடும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும்தான். அதைவிட மோசம் சாக்பீஸ். கேமராவில் பளிச்சென்று வர வேண்டுமாம், மங்கின கோட்டின் மேலேயே இழுக்கிறார்கள். குதிரையின் முன்னங்கால் மட்டும் மற்றதைவிட வெளுப்பாகத் தெரிந்தால் அது சமீபத்திய கைவரிசை. அப்புறம் எது வரைந்தவன் கோடு, எது இவன் கோடு என்று யார் பிரிப்பது?

தென்பெண்ணை:
சாக்பீஸ் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். வெள்ளை ஓவியத்துக்கு நேர் வெயில் ஆகாது, புடவு முழுக்க நிழலில் இருக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்தாலே கோடு பிரிந்து வரும். நடுகல்லுக்கு இதற்கு நேர்மாறு, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது வட்டெழுத்து தானாக எழும்பும், மாவு பூச வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொடுப்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கெட்டவனுக்குப் பயந்து ஒளித்து வைத்தால் குவாரிக்காரனுக்குத்தான் வசதி.

சின்னாறு:
நீங்கள் இரண்டு பேரும் பாறையோடு நிற்கிறீர்கள். நான் அஞ்செட்டிக்காரி, எங்கள் பக்கம் பாடு வேறு. ராகி விளைகிற பருவத்தில் பன்னார்கட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கும். கூட்டம் எங்கே நிற்கிறது என்று ஒருத்தர் வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், பைக்கில் வந்து சுற்றி நிற்கிறார்கள், மேலே ட்ரோன் வேறு. குட்டியோடு இருக்கிற யானை மிரண்டு ராத்திரி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, வயலில் காவல் இருப்பது எங்கள் ஆட்கள். காவிரி வடக்கு சரணாலயம் 2014லும், 686 சதுர கிலோமீட்டரில் தெற்கு சரணாலயம் 2022லும் வந்தன. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படமெடுக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். சாம்பல் நிற மலை அணில், நீர்நாய், முதலை எல்லாம் இருக்கிற காடு அது. அங்கே இடக்குறி போடவே கூடாது, இதில் எனக்குப் பேச்சே இல்லை.

அப்புறம் மனிதர்கள். விறகுக்கட்டோடு நடந்து வந்த ஓர் இருளர் பாட்டியைக் கேட்காமல் எடுத்து, 'கற்காலத்தின் மிச்சம்' என்று எழுதி இங்கேயே ஒருவர் போட்டார். அந்தப் பாட்டிக்கு நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது, பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், அந்தப் பதிவு அவள் கண்ணில்தான் முதலில் பட்டது.

தகடூரான்:
அந்தத் தலைப்பு தப்பு சகோதரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டு எடுத்தால் எல்லாரும் ஆதார் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிடுகிறார்கள். சித்தேரி மலையில் சாமை அடிக்கிற களத்தை அப்படி எடுத்தால் அதில் உயிரே இருக்காது. இன்னும் கொஞ்ச வருடத்தில் அந்த வேலையைப் பார்க்கவே முடியாது, யாராவது பதிந்து வைக்க வேண்டாமா?

சின்னாறு:
பதியுங்கள், யார் வேண்டாம் என்றது? காலையில் போய் மத்தியானம் திரும்புகிற அவசரத்தில் போனால் விறைக்கத்தான் செய்வார்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் களத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பேரைக் கேளுங்கள், நேரம் போனால் அவர்களே உங்களை மறந்து வேலையைப் பார்ப்பார்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். 'பழங்குடிப் பெண்' என்று போடாமல் அவர் சம்மதித்தால் அவர் பேரையே போடுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் அதோடு விட்டுவிடுங்கள்.

கல்பதுக்கை:
தென்பெண்ணை அண்ணா, அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். அந்தப் புடவு இருக்கிற ஊரில் யாரையாவது கேட்டீர்களா? நாலு பக்கமும் அளவுகோல் வைத்து எடுத்த படங்களை, சர்வே எண்ணோடு தொல்லியல் துறைக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள். இடம் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

தென்பெண்ணை:
மனு போட்டுப் பதிலே வராமல் காத்திருந்த அனுபவம் எனக்கு இருக்கிறது தம்பி. அந்த இடைவெளியில் ஒரு குன்றே போய்விடும். ஊரைக் கேட்கச் சொன்னது நியாயம். அக்டோபர் 2 கிராமசபையில் படங்களை வைத்துப் பேசுகிறேன், இந்தப் புடவு இருக்கிற குன்றைக் குவாரிக்கு விடக்கூடாது என்று தீர்மானம் கேட்கிறேன். அதுவரை இடக்குறியை ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். தீர்மானம் வராவிட்டால் முழுசாகத் திரும்பப் போடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கல்பதுக்கை:
போட்டால் அன்றைக்கும் எதிர்த்துத்தான் எழுதுவேன். கிராமசபைக்கு நானும் வருகிறேன், படங்களைப் பெரிய அளவில் பிரிண்ட் போடுகிற செலவு என்னுடையது. ஃபைலை அனுப்புங்கள்.