பசேல் மூலையை நம்பி ஏமாந்த கதை

மாதவரத்திலிருந்து:

10 சென்ட்டில் கோ-4 தீவனப்புல் போட்டிருக்கிறேன், மாடு 4. முதல் அறுப்புக்கு முன்னால் எவ்வளவு தீவனம் தேறும் என்று பார்க்க, பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்தேன். அதை எங்கே வைத்தேன் தெரியுமா? மோட்டார் தண்ணீர் விழுகிற மூலையில். ஆளை மறைக்கிற உயரம், பசேலென்று இருந்தது, மனசு அங்கேதான் போனது. சட்டத்துக்குள் இருந்ததை அறுத்து எடை போட்டால் 8 கிலோ! 10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். பெருக்கினால் 3,240 கிலோ. மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ போட்டாலும் 32 நாள் கவலையில்லை என்று வீட்டில் பெருமையடித்தேன்.

19-ஆம் நாள் வயல் மொட்டை. செங்குன்றம் போய், சொன்ன விலைக்கு வைக்கோல் வாங்கி வந்தேன்.

அறுத்த தூரிலிருந்து மறுபடி தழைத்த மறுதாம்பில் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை 5 இடத்தில் தூக்கிப் போட்டேன். ஓரிடத்தில் 3 கிலோகூட இல்லை. சராசரி நாலரை. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. அந்த நாலரை கிலோ வளர 45 நாள் ஆகியிருக்கிறது. அதாவது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 100 கிராம். வயல் முழுக்கச் சேர்த்தாலே நாளைக்கு 40 கிலோதான், என் மாடுகளுக்கு வேண்டியதோ 100. ஒன்றரை மாட்டுக்கான நிலத்தில் நாலு மாடு கட்டியிருக்கிறேன்!

திருவொற்றியூரிலிருந்து:

சார், என் தம்பி நியூசிலாந்தில் பால் பண்ணையில் இருக்கிறான். அங்கே மேய்ச்சல்தான். கைத்தடி போல ஒரு கருவி, அடியில் வட்டத் தட்டு. ஊன்றினால் புல் அந்தத் தட்டை எவ்வளவு உயரத்தில் தாங்குகிறது என்று அரை சென்டிமீட்டர் கணக்கில் பதிவாகும். வாரா வாரம் வயலின் குறுக்கே நடந்து ஊன்றிக்கொண்டே போவார்களாம். சராசரியை 140-ஆல் பெருக்கி 500 கூட்டுவது அங்கே வழக்கமான கணக்கு. 15 வந்தால் ஹெக்டேருக்கு 2,600 கிலோ. அதுவும் உலர் எடை. ஆள் உயரத்துக்கு நிற்கும் நம் கோ-4-க்கு அந்தத் தட்டு சரிப்படாது. ஆனால் உலர் எடையை விட்டுவிடாதீர்கள், பச்சையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அது. மிச்சம் தண்ணீர்.

மணலியிலிருந்து:

எங்கள் ஆயாவிடம் சட்டமும் கிடையாது, தட்டும் கிடையாது. ஒரே கயிறு. அது சுற்றி முடிச்சுக்கு வந்தால் ஒரு கட்டு, மாட்டுக்கு ஒரு கட்டு. மழை விட்ட மறுநாள் மட்டும், "தண்ணியத்தான்டா தூக்கினு வரேன்" என்று முனகியபடியே திரும்பிப் போய் இன்னும் அரைக் கட்டு அறுத்து வருவார்.