8 கம்பிக் குடைக்குப் பாப்ளின் துணி: ஓரம் ஏன் தொளதொளவென்று நிற்கிறது?

நூல்கண்டு:
பழைய நீளக் குடை, மடக்குவது அல்ல. கிழிந்த துணியைக் கழற்றிவிட்டுப் பாப்ளினில் புதிதாகத் தைத்திருக்கிறேன், வெயிலுக்கு மட்டும். கம்பி நீளம் 58 செ.மீ. வெறும் சட்டத்தை விரித்து, பக்கத்துப் பக்கத்துக் கம்பி நுனிகளுக்கு நடுவே அளந்தால் 40.5 செ.மீ. அதையே அடி அகலமாக வைத்து 8 முக்கோணம் நேராக வெட்டினேன். மாட்டினால் நடுவில் விறைப்பு, ஓரம் மட்டும் தோரணம் மாதிரி ஆடுகிறது. உச்சியில் துணி மூட்டையாகி மூடி இறங்கவில்லை. எங்கே தப்பு?

கத்தரிக்கோல்:
வெறும் சட்டத்தில் அளந்ததுதான் தப்புங்க. கம்பியை வில்லாக வளைத்துப் பிடிப்பதே துணிதான். துணி இல்லாவிட்டால் கம்பி நிமிர்ந்து அகலமாக விரியும். உங்கள் அளவுப்படி வெறும் சட்டத்தின் குறுக்களவு 106 செ.மீ. துணி மாட்டிய 58 செ.மீ. கம்பிக் குடை சுமார் 100 செ.மீ. என்று வைத்தால், நுனிக்கு நுனி 38.3 தான் வரணும். ஒரு துண்டுக்கு 2.2 செ.மீ. கூடுதல், எட்டுக்கும் சேர்த்து 17 செ.மீ.க்கு மேல். ஆடாமல் என்ன செய்யும்?

நடு விறைப்புக்குக் காரணம் நேர்கோடு. குடை கூம்பு இல்லை, கவிழ்த்த கிண்ணம். இந்த அளவுக்குப் பாதி உயரத்தில் பக்கக் கோடு ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ. வெளியே வளைந்து போகணும்.

பழைய துணி இருக்கிறதா? இருந்தால் கணக்கே வேண்டாம். அதிகம் இழுபடாத ஒரு துண்டை மட்டும் பிரித்து, லேசான சூட்டில் தேய்த்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அட்டையில் வரையுங்கள். மடித்து வரைந்தால்தான் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். மற்ற ஏழையும் பிரிக்காதீர்கள், கம்பியில் எங்கெங்கே கட்டியிருந்தது என்று அதில்தான் தெரியும்.

நூல்கண்டு:
பழைய துணி இருக்கு, நன்றி. 44 இஞ்ச் பாப்ளின் எவ்வளவு வாங்கணும்? என்னிடம் இருப்பது மிதி மெஷின், நேர்த் தையல் மட்டும்தான்.

ஊசிமுனை:
ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக அடுக்கினால் ஒரு வரிசையில் 4 துண்டு. இரண்டு வரிசைக்கு 1.2 மீட்டர், 1.5 வாங்குங்கள். தலைகீழானால் கெட்டுப்போகும் டிசைன் என்றால் வரிசைக்கு 2 தான், 2.5 மீட்டர் ஆகும். பாப்ளின் சுருங்கும், நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்டணும். துண்டின் நடுக்கோடு பாவு நூலோடு (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) போகணும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவு கிராஸில் (நூலுக்குக் குறுக்குச் சாய்வாக) விழுந்து சமமாக இழுபடும்.

ஓரத்தை முதலில் மடித்து அடியுங்கள், இணைப்பது பிறகு. இணைத்துவிட்டு மடித்தால் ஒவ்வொரு மூட்டிலும் மெஷின் தாண்டும், ஓரமும் நெளியும்.

தையலுக்கு 6 மி.மீ. விட்டால் போதும், ஆனால் கோடு போட்டுத் தையுங்கள். ஒரு தையல் 1 மி.மீ. உள்ளே போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து 2 மி.மீ. போச்சு. எட்டிலும் அப்படியே என்றால் சுற்றளவில் 16 மி.மீ.

நேர்த் தையல் குடை விரியும்போது படக்கென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக் இல்லாததால் தையலைப் பொடியாக வையுங்கள், நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடியுங்கள். பாலியஸ்டர் நூல், 11 நம்பர் ஊசி.

ஓரத்தில் தொடங்கி உச்சிக்குப் போங்கள், பிசகு இருந்தால் அது மூடிக்குள் மறையும். உச்சியில் 16 மடிப்பு சேர்வதுதான் உங்கள் மூட்டை. கடைசி 4 செ.மீ.க்குத் தையல் விளிம்பை 3 மி.மீ. ஆக நறுக்குங்கள், முனையைக் கூராக விடாதீர்கள். தண்டின் மேல்முனை 8 மி.மீ. என்றால் துண்டின் உச்சி, தையல் போக, 3 மி.மீ. அகலம்.

கத்தரிக்கோல்:
மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். தண்டு உச்சியில் முதலில் 8 செ.மீ. வட்டத் துணி, நடுவில் ஓட்டையோடு. கம்பிகள் சேரும் இடம் துணியை அரிக்காமல் இருக்க இது. அதன்மேல் குடைத்துணி, பிறகு வெளிப்பக்கத்துக்கு இன்னொரு வட்டத் துணி, கடைசியில் மூடி.

நுனிகளைப் பாதி மூடிய நிலையில் தையுங்கள்: 1, 5, 3, 7, அப்புறம் மீதி. வரிசையாகச் சுற்றிப் போனால் துணி ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். நுனி ஓட்டையில் இரட்டை நூல் 5, 6 சுற்று. விரித்துப் பார்த்துச் சரியாக இருந்தால் மட்டும், தாங்குகம்பி (கம்பியை அடியிலிருந்து முட்டுக்கொடுக்கும் குட்டைக் கம்பி) சேரும் இடத்தில் தையல் விளிம்போடு கட்டுங்கள். ஊசி வெளித்துணிக்கு வரக்கூடாது.

குடையை விரிக்கும்போது தண்டிலுள்ள பூட்டில் மாட்டாமல் முரண்டு பிடித்தால் அழுத்தித் தள்ளாதீர்கள், கம்பி மடங்கிவிடும். எதிரெதிரே இரண்டு தையலைப் பிரித்து 1 மி.மீ. வெளியே தைத்தால் 4 மி.மீ. கிடைக்கும். தொளதொளப்பு என்றால் எட்டையும் அரை மி.மீ. உள்ளே தையுங்கள், 8 மி.மீ. இறுகும். ஒரே தையலில் மொத்தத்தையும் பிடித்தால் அந்தக் கம்பி மட்டும் கோணிக்கொண்டு நிற்கும்.