பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: எது வாங்கலாம்?

வணக்கம். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். சக்லேஷ்பூர் பக்கம் கூடாரம் போட்டுத் தங்க, கூடவே ஒரு சின்ன டிரெய்லரையும் இழுத்துப் போக, பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி) தேடுகிறேன். கையில் 5 லட்சம்தான்.

மாருதி ஜிப்சி எடை குறைவு, சேற்றில் பிரமாதம். ஆனால் அந்த 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஷிராடி காட் ஏற்றத்தில் டிரெய்லரை இழுக்குமா? பழைய மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. மாடல் என்றால் 2.5 லிட்டர் டீசல், இழுவை உண்டு. என் மனசு அதில்தான்.

நேற்று ஒரு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) புதுக் கறுப்புப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

டெல்லி வண்டி மலிவு என்கிறார்கள். என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று), இங்கே ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகுமா? அப்புறம், லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவுவது) சரியாக விழுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ். மகளின் டிசம்பர் லீவுக்குள் வாங்கியாக வேண்டும்.