மறு: ‘ப்ரோ கண்ட்ரி’க்குத் தமிழ்ச்சொல் – ‘இளவட்டக் கண்ட்ரி’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற, ஆண்கள் இருவர் கொண்ட அமெரிக்கப் பாடகர் குழுவைப் பற்றிய கட்டுரைக்காக, அமெரிக்கக் கண்ட்ரி இசையில் இளைஞர் கொண்டாட்டத்தைப் பாடும் ஒரு வகைக்கு வழங்கும் ‘ப்ரோ கண்ட்ரி’ என்ற பெயரைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று நண்பர் கேட்டிருந்தார். இதுவரை இந்த இழையில் மூன்று சொற்கள் வந்துள்ளன: ‘சகோதர நாட்டுப்புற இசை’, ‘மச்சான் இசை’, ‘கும்மாள இசை’. அந்தப் பெயர் பிறப்பதற்கே காரணமானவர்கள் அவ்விருவர் என்பதால், மூன்றையும் அவர்களுடைய பாட்டு வாழ்க்கையோடு உரசிப் பார்த்தேன். எதுவும் முழுதாக ஒட்டவில்லை. ஏன் என்பதையும், எனக்குத் தோன்றிய மாற்றையும் எழுதுகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் ‘கண்ட்ரி’. இதை ‘நாட்டுப்புற இசை’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டுப்புறப் பாடல் என்றதும் நமக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் நினைவுக்கு வருகின்றன. அவை கட்டியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்தவை. கண்ட்ரியோ ஒலிப்பதிவுத் தொழிலின் மடியில் வளர்ந்த பிள்ளை. 1927-இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊருக்கு ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பதிவுக் கருவிகளோடு வந்து, கார்ட்டர் குடும்பத்தினரையும் ஜிம்மி ராஜர்ஸையும் பாடவைத்து இசைத்தட்டாக்கினார் அல்லவா, அப்போதே அதற்கு ஒப்பந்தமும் உரிமைத்தொகையும் வந்துவிட்டன. ‘அமெரிக்க இசைத்தொழில் இதழான பில்போர்டே 1949 வரை இத்தகைய பாடல்களின் பட்டியலை ஃபோக், அதாவது நாட்டுப்புறம், என்றுதானே அழைத்தது?’ என்று யாரேனும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த ஆண்டில் அவர்களே அதைக் ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் பாகம் பிரித்துக்கொண்ட வீட்டை நாம் மீண்டும் ஒன்றாக்குவானேன்?

ஆகவே ஜாஸ், ப்ளூஸ், ராக் ஆகியவற்றை எப்படி அப்படியே எடுத்துக்கொண்டோமோ, அப்படியே இதையும் ‘கண்ட்ரி’ என்று எடுத்துக்கொள்ளலாம். டகரத்துக்கு முன் ணகர மெய் வருவதே நம் எழுத்தியல்பு என்பதால் ‘கன்ட்ரி’யைவிட இந்த எழுத்துக்கூட்டல் எனக்கு உகந்ததாகப் படுகிறது. தவிரவும், நாகரிகம் அறியாதவர் என்னும் ஏளனப் பொருளில் ‘கண்ட்ரி’ ஏற்கெனவே நம் பேச்சுத் தமிழில் புழங்குகிறது. அந்த ஏளனம் இந்த இசைக்கும் அதன் ஊரிலேயே இருந்ததுதான். தொடக்கத்தில் அதன் பெயரே ‘ஹில்பில்லி’, அதாவது மலைப்பட்டிக்காட்டான் இசை.

இனி ‘ப்ரோ’. இங்கேதான் உண்மையான சிக்கல். ‘சகோதர’ என்ற சொல்லுக்கு நம்மிடம் மேடைப்பேச்சின் கனம் இருக்கிறது. பிக்கப் வண்டியின் பின்பலகையைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு பீர் குடிக்கும் பையன்களை அந்தச் சொல் தாங்காது. அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. உடன்பிறந்த இருவர் குரலிணைத்துப் பாடுவது கண்ட்ரியில் பழைய, மதிப்பு மிக்க ஒரு மரபு. டெல்மோர் பிரதர்ஸ், லூவின் பிரதர்ஸ் போன்றவர்கள் அதில் புகழ்பெற்றவர்கள். சகோதர இசை என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் அதைத்தான் நினைப்பார். நம் கட்டுரைக்குரியவர்களும் இருவராகவே இருப்பதால், விவரம் தெரியாதவர் அவர்களை அண்ணன் தம்பி என்றே முடிவு கட்டிவிடுவார். டைலர் ஹபர்ட் ஜார்ஜியா மாநிலத்து மன்ரோ ஊர்க்காரர். பிரையன் கெல்லி ஃப்ளோரிடாவின் ஆர்மண்ட் பீச்சைச் சேர்ந்தவர். கண்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லின் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் அறிமுகமாகி, 2010-இல் குழுவாக இணைந்து, இரு மாநிலப் பெயர்களையும் கோத்துத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். உறவு அவ்வளவே.

‘மச்சான்’ முதல் கேட்பில் இனிக்கிறது. ஆனால் தமிழ்ப் பாட்டில் மச்சான் என்று விளிப்பவள் பெரும்பாலும் பெண். ‘மச்சான் இசை’ என்றதும் கேட்பவர் அவள் குரலுக்குத்தான் காத்திருப்பார். ப்ரோ கண்ட்ரிப் பாட்டில் வரும் பெண் வாயே திறப்பதில்லை என்பதுதான் அதன்மேலுள்ள குற்றச்சாட்டு. ‘மச்சி’ என்று சுருக்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். சென்னைக் கல்லூரி வாசலில் அது ஆண்களின் விளி, வேறு சில வட்டாரங்களில் பெண் உறவுமுறை. எல்லாத் தமிழருக்கும் பொதுவான ஒரு கலைச்சொல்லுக்கு அது ஆகாது.

மூன்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ‘கும்மாளம்’. கொண்டாட்டம் அதில் இருக்கிறது, ‘என்ன கும்மாளம் வேண்டிக்கிடக்கிறது’ என்று கேட்கும் பெரியவரின் கடிதலும் இருக்கிறது. இருந்தும் அது போதாது என்பதற்கு அவர்களுடைய முதல் வெற்றிப் பாட்டையே சான்றாகக் காட்டலாம்.

2012-இல் வெளிவந்த ‘க்ரூஸ்’ பாட்டைக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பல்லவியே வந்துவிடுகிறது. பின்னால் ஒலிப்பவை கண்ட்ரியின் பழைய கருவிகளைக் காட்டிலும் ராக் இசையின் தடித்த கிடார்கள். தயாரிப்பாளர் ஜோயி மோய் அதற்குமுன் நிக்கல்பேக் என்னும் கனடிய ராக் குழுவின் பதிவுகளில் பணியாற்றியவர் என்பது தெரிந்தால் இது வியப்பளிக்காது. கதையென்று பார்த்தால், நீச்சலுடையில் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறாள் ஒரு பெண். வெயிலில் நிறம் மாறிய அவளது நீண்ட கால்கள் மேல் பாடுபவன் பார்வை நிற்கிறது. உயரம் கூட்டிய செவர்லே வண்டி ஒன்று நிற்கிறது. ஊர்ச்சாலையில் சன்னல்களை இறக்கிவிட்டுப் போகவேண்டும். அவளுக்குப் பெயர் கிடையாது. அவள் மார்ஷல் டக்கர் என்னும் பழைய ராக் குழுவின் பாட்டைப் பாடுகிறாள் என்று ஒரு செய்தி மட்டும் சொல்லப்படுகிறது. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதில் அவள் உடலைச் சாராதது ஏறத்தாழ அது ஒன்றுதான். இந்தப் பார்வையின் கோணம் ‘கும்மாளம்’ என்ற சொல்லில் விழவில்லை. குழந்தைகளும்தான் கும்மாளம் போடுகிறார்கள்.

நியூயார்க் இதழில் ஜோடி ரோசன் என்ற விமர்சகர் 2013 ஆகஸ்டில் ‘ப்ரோ கண்ட்ரி’ என்ற பெயரை எழுதியபோது, இந்தப் பாட்டை முன்வைத்தே எழுதினார். பச்சை குத்தி, உடற்பயிற்சியால் முறுக்கேறிய, கொண்டாட்டமே கதியென்றிருக்கும் வெள்ளையின அமெரிக்க இளைஞனின் இசை என்பது அவர் சுட்டியதன் சாரம். ஆக, இது பாடுவோர் தமக்குத்தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. வெளியே நின்றவர் வைத்த பட்டப்பெயர். நாம் ஆக்கும் சொல்லிலும் அந்தக் குத்தல் குறையக் கூடாது. நடுநிலையான, கோப்புகளில் எழுதத் தகுந்த ஒரு சொல்லை ஆக்கினால் பெயர்ப்பு பிழையாகிவிடும். நம் ‘குத்துப்பாட்டு’ எந்தக் குழுவும் கூடி ஆக்கிய சொல்லா? கொச்சையாகவே பிறந்தது, கொச்சையாகவே நிலைத்தது.

‘கண்ட்ரி’ என்ற பாதியையே விட்டுவிட்டு வெறுமனே ஏதோ ஒரு ‘பாட்டு’ என்று வைக்கலாம் என்ற கருத்தையும் ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க முடியாததற்குக் காரணம் பட்டியல் கணக்கில் இருக்கிறது. 2012 அக்டோபர் வரை பில்போர்டின் கண்ட்ரிப் பாடல் பட்டியல், கண்ட்ரி வானொலி நிலையங்கள் எதை எத்தனை முறை ஒலிபரப்பின என்பதை மட்டும் பார்த்தது. அந்த மாதம் விதி மாறியது: பதிவிறக்க விற்பனை, இணையவழிக் கேட்பு, எல்லா வகை வானொலிகளின் ஒலிபரப்பு ஆகிய யாவும் கணக்கில் சேர்ந்தன. ‘க்ரூஸ்’ 2012 டிசம்பரில் முதலிடத்துக்கு வந்தது. மறு ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரத்து ராப் பாடகர் நெல்லியைச் சேர்த்துப் பாட்டை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தார்கள். பாப் வானொலிகள் அதை இரவும் பகலும் ஒலிபரப்பின. அந்த ஒலிபரப்பெல்லாம் புதிய விதிப்படி கண்ட்ரிப் பட்டியலில் வரவு வைக்கப்பட்டது. விளைவு 24 வாரம் முதலிடம். எடி ஆர்னால்ட், ஹாங்க் ஸ்னோ, வெப் பியர்ஸ் ஆகிய மூவரின் பாடல்கள் 1940களிலும் 1950களிலும் எட்டி, அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் தாண்டாமலிருந்த 21 வார எல்லை இப்படித்தான் உடைந்தது. ‘இது கண்ட்ரியே அல்ல’ என்று பழைய இரசிகர்கள் கொதித்ததும், ‘பட்டியலே சொல்கிறதே’ என்று மற்றவர்கள் மடக்கியதும் இதனால்தான். வழக்கே அந்தச் சொல்லைப் பற்றியதாக இருக்கும்போது, அதைப் பெயரிலிருந்து நீக்கினால் வழக்கு என்னவென்றே படிப்பவருக்குப் புரியாது.

ஆண்மை என்ற கூறும் அப்படித்தான். 2014-இல் மேடி அண்ட் டே என்ற இளம்பெண்கள் இருவர், இத்தகைய பாட்டுகளில் வரும் பெண்ணின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்துப் பகடியாக ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அது கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. (நம் பாடகர் இருவரும் அந்தப் பெண்களும் ஒரே பிக் மெஷின் இசைத்தட்டு நிறுவனத் தொகுதியின் கிளைகளில்தான் இருந்தார்கள். நோயும் மருந்தும் ஒரே கடையில்.) 2015-இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், பெண்களின் பாட்டுகளைக் குறைவாகவே ஒலிபரப்ப வேண்டும் என்று சொல்லி, அவர்களைச் சாலட்டில் போடும் தக்காளிக்கு ஒப்பிட்டுப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். ‘கும்மாளம்’, ‘கொண்டாட்டம்’ முதலிய பொதுச்சொற்கள் இந்த வரலாறு முழுவதையும் வெளியே நிறுத்திவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் முன்மொழிவது ‘இளவட்டக் கண்ட்ரி’.

‘இளவட்டம்’ தென்மாவட்ட ஊர்களில் இன்றும் வாழும் சொல். அது தனி ஆளையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும். பேச்சில் அது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே சுட்டும். ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை எண்ணிப் பாருங்கள்: உருண்டு வழுவழுத்த அந்தக் கல்லைப் பிடிகிடைக்காமல் தழுவி, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்துத் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடவேண்டும், சுற்றிலும் கூட்டாளிகள் கூச்சலிடுவார்கள், எந்த வாசலிலிருந்து எந்தப் பெண் பார்க்கிறாள் என்பதில் ஒரு கண் இருக்கும். உடல் முறுக்கு, கூட்டாளிகள், பெண் பார்வையில் படும் ஆசை, கிராமத்துப் பின்புலம் ஆகிய நான்கும் ரோசன் சுட்டிய ஆளிடம் இருப்பவை. ‘இளவட்டம் ஆடத்தான் செய்யும்’ என்று திண்ணையிலிருந்து சொல்லும்போது அதில் ஏளனமும் இருக்கும், கொஞ்சம் செல்லமும் இருக்கும். ‘ப்ரோ’விலும் அந்தக் கலவைதான்.

இரண்டு தடைகள் எனக்கே தோன்றுகின்றன. 1976-இல் பிறந்த கண்ட்ரிப் பாடகர் லூக் பிரையனும் இந்த வகையில்தான் சேர்க்கப்படுகிறார். அந்தப் பெயர் பிறந்த ஆண்டில் அவருக்கு 37 வயது. அவரை இளவட்டம் என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். பாட்டில் பேசுகிற பையனின் வயதைத்தான் சொல் குறிக்கிறது. பாடுபவருக்கும் அவனுக்கும் இடையிலுள்ள தொலைவு வெளிப்பட்டால், குத்தல் இன்னும் சரியாக விழும்.

இரண்டாவது தடை கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது. இந்தச் சொல்லை அவ்விருவருக்கும் நிரந்தர அடைமொழியாக ஒட்டிவிடக் கூடாது. 2014-இலேயே ‘டர்ட்’ என்ற பாட்டில், பிறந்து வளர்ந்து இறுதியில் போய்ச்சேரும் மண்ணைப் பற்றி அடங்கிய குரலில் பாடினார்கள். 2016-இல் வந்த ‘ஹோலி’ வழிபாட்டு மொழியில் அமைந்த காதல் பாட்டு. பாப் பாடகி பீபீ ரெக்ஸாவோடு சேர்ந்து பாடிய ‘மெண்ட் டு பி’ கண்ட்ரிப் பட்டியலில் 50 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் இளவட்ட ஆட்டம் அநேகமாக இல்லை. 2019-இல் வெளிவந்த நான்காம் தொகுப்பின் தலைப்போ, ‘எங்களைக் கண்ட்ரி இல்லையென்று சொல்லிவிட முடியாது’ என்ற பொருள்பட அமைந்தது; ஏழாண்டாக வாங்கிய ஏச்சுக்கு அட்டையிலேயே பதில் எழுதிவிட்டார்கள். 2021-இல் ஐந்தாம் தொகுப்பு வந்தது, 2022-இல் இருவரும் தனித்தனியே பாடப் பிரிந்தார்கள். ஆகவே 2012 முதல் 2014 வரையிலான பாடல்களைச் சொல்லும்போது மட்டும் ‘இளவட்டக் கண்ட்ரி’ என்றும், பிற இடங்களில் வெறும் ‘கண்ட்ரி’ என்றும் எழுதுவதே நேர்மை.

குழுமத்தின் சொற்பட்டியலுக்கு ஒரு வரைவு தருகிறேன்: ‘இளவட்டக் கண்ட்ரி – 2010களின் முற்பகுதியில் அமெரிக்கக் கண்ட்ரி இசையில் ஓங்கிய, ராக், ராப் கூறுகள் கலந்த, இளைஞர் கூட்டாளித்தனம், வண்டி, மது, பெண்ணுடல் வருணனை ஆகியவற்றை மையமாகக் கொண்ட பாட்டு வகை; விமர்சகர் இட்ட பெயர்.’ இறுதித் தொடரை யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘கும்மாளப் பாட்டு’ வீணாகவில்லை; எந்த மொழியிலும் எந்த வகையிலும் வரும் பார்ட்டிப் பாட்டுகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். 1970களில் வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும் நாஷ்வில் தயாரிப்பாளர்களின் பிடிக்கு அடங்காமல் உருவாக்கிய ‘அவுட்லா’ வகைக்கு ‘அடங்காக் கண்ட்ரி’ எனலாமா என்பது தனி இழைக்கு உரியது. இணைக்குறி வேண்டுமா, சேர்த்து எழுதலாமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நடுவே ககர ஒற்று மட்டும் விடுபடாமல் இருக்கட்டும்.