மறு: அப்டாமினோபிளாஸ்டி – ‘தொப்பை நீக்கம்’ சரியா?

வணக்கம். அப்டாமினோபிளாஸ்டி என்கிற வயிற்று அறுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தொப்பை நீக்க அறுவை’ என்று வைத்துவிட்டால் யாருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு வேறு, குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு வேறு. உள்ளே இருப்பதை இந்த அறுவை தொடுவதே இல்லை. பானை மாதிரி விறைத்த வயிற்றுக்காரர் இந்தப் பெயரை நம்பிப் போனால் ஏமாந்துதான் திரும்புவார்.

1899-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர் செய்தது கொழுப்பு நீக்கம்தான். இன்று நடப்பது அதைவிடப் பெரிய வேலை. அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு கீறி, தோலை மேல்நோக்கிப் பிரித்து, பேறுகாலத்தில் விலகிப்போன இரண்டு தசைகளையும் நடுவில் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். தொப்புள் அதே இடத்தில் நிற்கும். கீழே இழுத்த தோலில் அதற்குப் புதிதாக ஒரு துளை போடுவார்கள். பாதி நீக்கம், பாதி தையல். ரவிக்கைக்கு டக் பிடிக்கிற மாதிரி. (‘வயிறு பிடித்தல்’ என்றுகூட எழுதிப் பார்த்தேன். சுளுக்கெடுக்கும் பாட்டி நினைவுக்கு வந்ததும் அழித்துவிட்டேன்.)

நீக்கம் மட்டும் என்றால் அது பானிகுலெக்டமி. எடை மளமளவென்று இறங்கியவர்களுக்குத் தொங்கும் தோல்மடிப்பின் அடியில் வேர்த்துப் புண்ணாகும். அந்த மடிப்பை மட்டும் எடுப்பார்கள், தசையை இறுக்க மாட்டார்கள். அதற்குத் ‘தொங்குதோல் நீக்கம்’ போதும். லைபோசக்‌ஷனுக்குக் ‘கொழுப்பு உறிஞ்சல்’ இருக்கட்டும். அது தோலை இறுக்காது என்பதும் அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

இனி ‘பிளாஸ்டி’. கிரேக்கத்தில் உருக்கொடுத்தல் என்று பொருள். இதை அறியாமல்தான் சிலர் ‘நெகிழி அறுவை’ என்று எழுதி, நோயாளியின் உடம்பில் பிளாஸ்டிக்கை வைத்துவிடுகிறார்கள். குயவர் மண்ணுக்கு உருக்கொடுப்பதை நாம் வனைதல் என்கிறோம். ஆகவே ‘வயிற்று வனைவு’. மூக்குக்கும் இதே வாய்பாடு: ‘மூக்கு வனைவு’.

———

> ஆகவே ‘வயிற்று வனைவு’.

அண்ணா, அகராதிக்கு அழகு. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு ‘வனைவு’ என்றால் என்ன தெரியும்? “வயித்துத் தோல் தொங்குது டாக்டர், இறுக்கித் தைக்க முடியுமா?” என்றுதான் கேட்கிறார்கள். ‘வயிறு இறுக்கறுவை’ என்றால் என்ன?

———

‘இறுக்கறுவை’ நன்றாக இருக்கிறதம்மா, எனக்குத் தோன்றாமல் போயிற்றே. வயிற்றுக்கு அதையே வைத்துக்கொள்வோம். மூக்கை யாரும் இறுக்குவதில்லை என்பதால் ‘வனைவு’ பொதுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சிக்கல் பாக்கி. உறிஞ்சலையும் இறுக்கலையும் ஒரே மேசையில் சேர்த்துச் செய்கிறார்களே, லைபோஅப்டாமினோபிளாஸ்டி, அதற்கு ‘உறிஞ்சிறுக்கறுவை’ என்று யாராவது எழுதுவதற்கு முன் வேறு சொல் சொல்லுங்கள்.