மறுமொழி: 'பிரவுசிங்' – தழைமேய்ச்சல்?

> செம்மறி, வெள்ளாடு இரண்டும் மேய்கின்றன. 'மேய்ச்சல்' ஒன்றே போதாதா?

'பிரவுசிங்' (browsing) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது. 'மேய்ச்சல்' பேச்சுக்குப் போதும் ஐயா, கால்நடைப் பாடநூலுக்குப் போதாது. செம்மறி தலையைக் கவிழ்த்துத் தரையை ஒட்டிப் புல்லைக் கடித்து இழுக்கும். மேலுதடு நடுவில் ஆழமாகப் பிளந்திருப்பது அதற்குத் தோது. வெள்ளாட்டின் கண் எப்போதும் மேலே. பின்னங்காலில் எழும்பி, முன்னங்காலைக் கிளையில் ஊன்றி, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவிக்கொள்ளும். ஆங்கிலத்தில் முன்னது கிரேசிங் (grazing), பின்னது பிரவுசிங்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. குடற்புழுக்களின் இளம்பருவம் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். தழை தின்று பழகிய வெள்ளாட்டைப் புல்தரையிலேயே அடைத்தால் புழு ஏறிவிடும். வளர வளரச் செம்மறிக்கு வரும் எதிர்ப்பாற்றல் அதற்கு அந்த அளவு வருவதில்லை. புழுமருந்தும் வெள்ளாட்டின் உடலில் நெடுநேரம் தங்காது. ஆகவே 'ஆடுகளை மேய விடுக' என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் எந்த ஆட்டை எங்கே விடுவார்?

பிரவுசிங்குக்குக் 'கொறித்தல்', 'உலாவல்' என்றும் முன்மொழிவுகள் வந்தன. 'கொறித்தல்' எனக்கு ஒப்பவில்லை. எலி, அணிலுக்குக் 'கொறித்துண்ணி' என்று நிலைத்துவிட்டது. ஆட்டுக்கோ மேல் முன்பல்லே கிடையாது. இரு இனத்துக்கும் அங்கே தடித்த ஈறுதான். 'உலாவல்' வேண்டவே வேண்டாம். கணினிக்காரர்கள் பிரவுசருக்கு 'உலாவி'யை எடுத்துக்கொண்டு போய் நாளாகிறது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!

என் பரிந்துரை: புல்மேய்ச்சல், தழைமேய்ச்சல். விலங்கைச் சொல்லப் புல்மேயி, தழைமேயி.

---

> விலங்கைச் சொல்லப் புல்மேயி, தழைமேயி.

சொற்கள் நன்று. ஆனால் வெள்ளாட்டைத் தழைமேயி என்று முத்திரை குத்த முடியாது. ஒட்டகச்சிவிங்கிதான் அசல் தழைமேயி. வெள்ளாடு காலத்துக்கு ஏற்ப மாறும். தழை குறைந்தால் புல்லுக்கு இறங்கும், பட்டையையும் உரிக்கும். விலங்கியலார் அதை இடைப்பட்ட வகையில்தான் வைக்கிறார்கள். அதற்கு 'இருமேயி' எனலாமா? 'கலப்புமேயி' என்றால் இனக்கலப்போடு குழம்பும்.

இன்னொன்று: பட்டை, காய், இளங்கொம்பு எல்லாம் 'தழை'யில் அடங்குமா?

---

> 'தழை'யில் அடங்குமா?

அடங்கும். தழை ஒடித்துப் போடு என்றால் கொம்போடும் காயோடும்தானே போடுகிறோம்? இருமேயிக்கு என் ஒப்புதல் உண்டு. மறுப்பு வராவிட்டால் மூன்றையும் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன். வெள்ளாட்டை எடுத்துக்காட்டாக இருமேயிக்குக் கீழே போடுகிறேன்.